பிரேம் இலக்கத்தோடு பில் எழுதித் தரும் ஹட்டன் சைக்கிள் கடை

ஹட்டன் நகரின் பிரதான வீதி நெரிசலிலிருந்து சற்று விலகி, சரிவான ஒரு சந்தின் முகப்பில் இருக்கும் சைக்கிள் கடையைப் பற்றிய மதிப்பீடு இது. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சைக்கிள்காரர் கடை என்று கேட்டால் பஸ் நிலையத்தில் நிற்கும் எவரும் வழி காட்டுவார்கள். புதிய சைக்கிள், பழைய சைக்கிள், உதிரிப்பாகம், திருத்த வேலை ஆகிய நான்கும் அங்கே உண்டு. இவற்றையெல்லாம் இதைவிடப் பெரிய அளவில் செய்யும் கடைகள் கண்டியிலும் பதுளையிலும் இருக்கின்றன. ஆனாலும் மலையகத்தில் சைக்கிள் வாங்க நினைக்கும் ஒருவருக்கு நான் முதலில் சொல்லும் கடை இதுதான். பொலிஸார் மறித்தால் சைக்கிள்காரர் கையில் என்ன இருக்க வேண்டும், மனதில் என்ன தெளிவு இருக்க வேண்டும் என்பதையும் விற்பனையின் பகுதியாகக் கருதும் வேறொரு கடையை இந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை.

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பெற்றோலுக்கு வரிசையில் நின்று சலித்தவர்கள் சைக்கிளுக்கு மாறினார்கள். மேடும் பள்ளமுமான நம் ஊர்களில் சைக்கிள் சரிவராது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட மேட்டில் இறங்கித் தள்ளி, பள்ளத்தில் ஏறி ஓட்டப் பழகினார்கள். அந்நாட்களில் புதிய சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போனதால், கைமாறிய பழைய சைக்கிள்களே அதிகம். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எந்தக் காகிதமும் இல்லை. தோட்டத்தில் ஒருவர் விற்றார், மற்றவர் வாங்கினார், பணம் கைமாறியது, அவ்வளவுதான். இன்றைக்கும் தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வரும் இளைஞர்கள் பலர் ஓட்டுவது அப்படி வந்த சைக்கிளையே. மாலையில் வீதியோரம் நிற்கும் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் இது யாருடையது என்று கேட்டால், தன்னுடையதே என்று வாயால் சொல்வதைத் தவிர அவர்களிடம் வேறு வழியில்லை.

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு இந்தக் கேள்வி பிரச்சினையே இல்லை. அவரிடம் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது, வாகனத்தின் பதிவுப் புத்தகம் இருக்கிறது, காப்புறுதி அட்டை இருக்கிறது. மிதித்து ஓட்டும் சைக்கிளுக்கோ அனுமதிப்பத்திரமும் தேவையில்லை, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவும் இல்லை, கட்டாயக் காப்புறுதியும் இல்லை. முன்பு உள்ளூராட்சி சபைகள் ஆண்டு வரி வாங்கிக்கொண்டு சைக்கிளுக்கு ஒரு சிறிய தகடு கொடுத்தன. பெரியவர்கள் அந்தத் தகட்டை நினைவு வைத்திருக்கிறார்கள். அந்த வழக்கமும் இப்போது பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை. ஆகையால் சைக்கிள் ஒருவருக்குச் சொந்தம் என்பதற்குக் கடைசியில் மிஞ்சும் ஒரே சான்று அதை வாங்கிய கடையின் பில். அந்தப் பில்லில் ‘சைக்கிள் ஒன்று’ என்று மட்டும் எழுதியிருந்தால், அது எந்தச் சைக்கிளுக்கும் பொருந்தும். அதாவது எந்தச் சைக்கிளுக்கும் சான்றாகாது.

இந்தக் கடையில் பில் எழுதும் முறையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வாங்கும் சைக்கிளைக் கடைக்காரர் இருக்கையும் கைப்பிடியும் தரையில் படும்படி தலைகீழாக நிறுத்துகிறார். பெடல் அச்சுக்கு அடியில், பிரேமில் பொறித்திருக்கும் இலக்கத்தின் மேலுள்ள கிரீஸையும் தூசியையும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கிறார். அது காய்ந்ததும் மெல்லிய காகிதத் துண்டொன்றை அதன்மேல் வைத்து, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்கிறார். இலக்கம் ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழும்பி வருகிறது. அந்தத் துண்டைப் பில்லில் ஒட்டி, அதன் கீழே அதே இலக்கத்தைத் தம் கையாலும் எழுதுகிறார். சைக்கிளின் பெயர், நிறம், சில்லின் அளவு, வாங்குபவரின் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், திகதி, கடையின் முத்திரை ஆகிய யாவும் தமிழிலும் சிங்களத்திலும் இருக்கின்றன. ஒரு பிரதி கடையின் கோப்பில் தங்குகிறது. மற்றது பிளாஸ்டிக் உறையில் ஒட்டப்பட்டு வாங்குபவரின் கைக்கு வருகிறது. “தம்பி, இத வீட்டு அலுமாரியில வைக்காதீங்க, சைக்கிளோடயே வச்சிக்குங்க” என்று சொல்லித்தான் கொடுக்கிறார்.

பழைய சைக்கிளுக்கும் இதே ஒழுங்குதான். விற்க வருகிறவர் அடையாள அட்டையின் பிரதியைக் கொடுத்து, சைக்கிள் தன்னுடையது என்று எழுதிக் கையொப்பமிட்டால்தான் கடை அதை வாங்குகிறது. இதனால் மலிவாகக் கிடைக்கும் பல சைக்கிள்களைக் கடை கைவிடுகிறது. அதனால்தான் இங்கே பழைய சைக்கிளின் விலை வெளியில் கிடைப்பதைவிடக் கூடுதல். அந்தக் கூடுதல் தொகையைக் கொடுப்பது முழுக்க நியாயம் என்றே கருதுகிறேன். திருட்டுப் பொருளை விற்கவும் வாங்கவும் இடமில்லாத ஒரு கடை ஊருக்குள் இருப்பதே பெரும் பாதுகாப்பு.

இந்தப் பில்லின் பயனை நான் நேரடியாகவே அறிவேன். நோர்வூட் பக்கமிருந்து ஹட்டனுக்கு வரும் வழியில், தூறலும் மங்கலுமான ஒரு மாலையில், வீதிச் சோதனையில் நின்ற உத்தியோகத்தர்கள் என்னை மறித்தார்கள். அக்காலத்தில் அந்தப் பகுதியில் சைக்கிள் திருட்டு நடந்துகொண்டிருந்தது. எனவே அவர்கள் கேட்டதில் குறை காண எதுவுமில்லை. “பில் எக்க தியெனவத?” (பில் இருக்கிறதா?) என்று ஒருவர் சிங்களத்தில் கேட்டார். இருக்கைக்கு அடியிலுள்ள பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் சைக்கிளைச் சாய்த்து, டோர்ச் வெளிச்சத்தில் பிரேம் இலக்கத்தைக் காகிதத்தில் தேய்த்தெடுத்த இலக்கத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டார். “ஹரி, யன்ன” (சரி, போங்கள்) என்றார். விளக்கு நல்ல வெளிச்சம் என்று தமிழிலும் சொன்னார். அதே இடத்தில் எனக்கு முன்னால் மறிக்கப்பட்டிருந்த இளைஞர் ஒருவரிடம் காகிதம் எதுவும் இருக்கவில்லை. சைக்கிளை விட்டுவிட்டு, மறுநாள் சான்றோடு நிலையத்துக்கு வரும்படி அவரிடம் சொல்லப்பட்டது. அவர் இரவில் மலைப் பாதையில் நடந்து போனார். சைக்கிளைப் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் எதுவும் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. கேட்கலாம் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. ஒரு பொருளைப் பொலிஸார் தம் பொறுப்பில் எடுத்தால், எந்தப் பொருள், எந்த நேரம், எந்த உத்தியோகத்தர் என்பதை எழுதி வாங்குவது மரியாதைக் குறைவான செயல் அல்ல. பணிவாகக் கேட்கக்கூடிய, கேட்க வேண்டிய ஒன்று அது.

கடையின் இரண்டாவது சிறப்பு விளக்கும் பிரேக்கும். இருட்டிய பின் விளக்கில்லாமல் ஓட்டுவது சட்டப்படி குற்றம்; மலையகத்தில் அது குற்றம் மட்டுமல்ல, உயிர் ஆபத்தும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே தொடங்கி செப்டெம்பர் வரை, ஹட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியா செல்லும் ஏ7 வீதியில் பகல் இரண்டு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். வளைவில் திரும்பும் பஸ்ஸின் சாரதிக்கு, வெள்ளைக் கோட்டின் ஓரமாக வரும் சைக்கிள் கடைசி நொடியில்தான் தெரியும். கடைக்காரர் இதை மனதில் வைத்தே விளக்கு விற்கிறார். முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடலிலும் சில்லுக் கம்பிகளிலும் ஒளி தெறிக்கும் பட்டைகள் என்று ஒரு தொகுதியாகக் கொடுக்கிறார். யு.எஸ்.பி. வயரில் மின்னேற்றும் விளக்கை அவர் விற்கும்போது அதன் ரப்பர் மூடியைத் திறந்து மூடிக் காட்டி, மழையில் அந்த மூடி சரியாக அமராவிட்டால் ஒரே வாரத்தில் விளக்கு போய்விடும் என்று எச்சரிக்கிறார். நான் வாங்கிய விளக்கு ஒரு மழைக்காலத்தைத் தாண்டியும் எரிகிறது. பின்விளக்கின் பிடி மட்டும் தரமில்லை. குழிகள் நிறைந்த தோட்டத்துப் பாதையில் அது தளர்ந்து கீழ்நோக்கிச் சாய்கிறது. அப்படிச் சாய்ந்த விளக்கு தரைக்குத்தான் வெளிச்சம் காட்டும், பின்னால் வரும் லொறிக்குத் தெரியாது. கடை இந்தப் பிடியை மாற்ற வேண்டும்.

பிரேக் விஷயத்தில் அவர் எவருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. திருத்த வேலை முடிந்த சைக்கிளின் சில்லை வாளித் தண்ணீரால் நனைத்து, சுழலவிட்டு, பிரேக்கைப் பிடித்துப் பார்த்த பின்பே ஒப்படைக்கிறார். காய்ந்த சில்லில் பிடிக்கும் பிரேக் நனைந்த சில்லில் பிடிக்காமல் போவதை இறக்கத்தில் ஓட்டுகிறவர்கள் அறிவார்கள். தேய்ந்த ரப்பரை ஒரு மாதம் ஓட்டிக்கொள்ளலாமா என்று கேட்ட ஒருவரிடம் சைக்கிளைத் தர மறுத்ததை நான் பார்த்தேன். சிலருக்கு இது கண்டிப்பாகப் படலாம். விபத்துக்குப் பிறகு பொலிஸார் சைக்கிளைப் பரிசோதிக்கும்போது அவர்கள் முதலில் கை வைப்பது பிரேக்கில்தான் என்பதை நினைத்தால், இந்தக் கண்டிப்பு சைக்கிள்காரரின் பக்கம் நிற்பதற்கு ஒப்பானது.

பில்லின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் சில வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் பார்வையில் இந்தக் கடையின் மிகப் பெரிய சேவை அதுதான். சீருடையிலுள்ள உத்தியோகத்தர் நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், இறங்கி நில்லுங்கள், பில்லைக் காட்டுங்கள், அவருடைய இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வீதியில் எவருக்கும் காசு கொடுக்காதீர்கள், தமிழில் பேசுங்கள் என்பவை அவற்றின் சாரம். எல்லாம் சரியானவை. தண்டப்பணப் பத்திரத்துக்குரிய பணத்தைத் தபாலகத்தில் கட்டுவது நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ள முறை. வீதியோரத்தில் கையில் கொடுக்கும் காசுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. அப்படிக் கேட்கப்பட்டால் லஞ்ச ஊழல் விசாரணை ஆணைக்குழுவுக்கு 1954 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம் என்பதையும் அங்கே சேர்த்திருக்கிறார்கள்.

‘தமிழில் பேசுங்கள்’ என்ற வரிக்கு மட்டும் இன்னும் விளக்கம் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னேன். நம் இளைஞர்கள் அதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது அரசியலமைப்பு கொடுத்த உரிமை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்குப் பிறகுள்ள 22ஆம் உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும், தமக்கு வழங்கப்படும் ஆவணத்தைத் தமிழிலோ தமிழ் மொழிபெயர்ப்போடோ பெறவும் உரித்துடையவர். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகள் பலவும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டவை. எனவே பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்கும் சைக்கிள்காரர் எவரிடமும் சலுகை கேட்கவில்லை. தனக்குப் புரியாத மொழியில் எழுதப்பட்ட தாளில், வாசித்து விளக்கப்படாமல் கையொப்பமிடக் கூடாது என்ற ஒரு வரியும் அந்தப் பின்பக்கத்தில் அவசியம் இடம்பெற வேண்டும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் மனதை வருத்திய ஒரு சம்பவமே காரணம். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்து இளைஞர் ஒருவர் இறக்கத்தில் தன் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தபோது, முந்திச் சென்ற வேன் ஒன்று அவரை நெருக்கியதில் வீதியோரக் கானுக்குள் விழுந்தார். கை முறிந்தது, முன்சில்லு வளைந்தது. வேன் நின்றது, சாரதி இறங்கி, பையன் வேகமாக வந்து விழுந்தான் என்று சொன்னார். நிலையத்தில் எழுதப்பட்ட முதல் குறிப்பில் அந்தச் சாரதியின் சொல் மட்டுமே இருந்தது. இளைஞரின் தந்தை பேச முயன்றபோது தமிழ் தெரிந்தவர் இல்லை, நாளை வாருங்கள் என்று அனுப்பப்பட்டார். மறுநாளும் அதே பதில். சைக்கிள்காரர் என்றாலே கவனமில்லாமல் ஓட்டியிருப்பார் என்ற முன்முடிவு அந்த மேசையில் வெளிப்படையாகவே இருந்தது. அந்த வேனுக்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி இருந்தே ஆக வேண்டும், காயமடைந்தவருக்கு இழப்பீடு கேட்கும் வழி உண்டு என்பதை அந்தக் குடும்பத்துக்கு எவரும் சொல்லவில்லை.

அவர்களுக்குத் துணை நின்றது இந்தக் கடை. வளைந்த சைக்கிளைக் கழற்றுவதற்கு முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, எந்தப் பாகம் எந்தத் திசையிலிருந்து அடிபட்டிருக்கிறது, பிரேக் வேலை செய்யும் நிலையில் இருக்கிறதா, திருத்த எவ்வளவு செலவாகும் என்பதை இரு மொழிகளிலும் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தார் கடைக்காரர். பக்கவாட்டிலிருந்து விழுந்த கீறலும் நல்ல நிலையிலிருந்த பிரேக் ரப்பரும் அந்தக் காகிதத்தில் தெளிவாக இருந்தன. அதையும் வைத்தியசாலைச் சீட்டையும் வைத்துக்கொண்டு, சட்டத்தரணி ஒருவரின் உதவியோடு நிலையப் பொறுப்பதிகாரியைச் சந்தித்த பிறகு இளைஞரின் வாக்குமூலம் தமிழில் பதிவானது. பொறுப்பதிகாரி கவனமாகக் கேட்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். தடை முன்மேசையில்தான் இருந்தது. இந்த எழுத்துக்குக் கடை சிறிய கட்டணமே வாங்குகிறது, தன்னிடம் வாங்காத சைக்கிளுக்கும் எழுதிக் கொடுக்கிறது.

இப்படி நிலைய மட்டத்தில் தீராத குறைகளுக்கு வேறு வாசல்களும் உண்டு. இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. அதன் அவசர அழைப்பு இலக்கமும் 1996 என்பதால் நினைவில் வைப்பது எளிது. பொலிஸாரின் செயலால் அடிப்படை உரிமை மீறப்பட்டதாகக் கருதுகிறவர் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. கைது செய்யப்பட்டால் காரணம் சொல்லப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கூறுகிறது. சாதாரண சட்டத்தின் கீழ் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்படவும் வேண்டும். சைக்கிள் விஷயத்தில் கைது வரை போவது அரிது. ஆனாலும் இரவில் தனியாக நிலையத்துக்கு அழைக்கப்படும் பதினெட்டு வயதுப் பையனுக்கு இவை தெரிந்திருப்பது அவன் முதுகை நிமிர்த்தும். பில்லின் பின்பக்கத்தில் இந்த இலக்கங்களுக்கும் இடம் ஒதுக்கலாம். எழுத்தைச் சிறிதாக்கினால் போதும்.

குறைகளும் உண்டு. சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிறுகளில் கடையில் நிற்க இடமிருக்காது. அன்று கொடுத்த சைக்கிள் சொன்ன நேரத்தில் கிடைப்பதில்லை. உயரம் குறைந்த பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொருந்தும் சைக்கிள்கள் மிகக் குறைவு. பெண்கள் சைக்கிள் ஓட்டுவதே அரிதாக உள்ள நம் பகுதியில், விற்கிறவர்களும் அவர்களை நினைக்காமல் விட்டால் நிலைமை எப்படி மாறும்? கியர் உள்ள புதிய சைக்கிள்களுக்கு உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வர வேண்டியிருக்கிறது. தலைக்கவசம் ஒரே அளவில்தான் இருக்கிறது. மிதித்து ஓட்டும் சைக்கிளுக்குத் தலைக்கவசம் மோட்டார் சைக்கிளுக்குப் போலக் கட்டாயமில்லை என்றாலும், ரம்பொடை இறக்கம் போன்ற இடங்களை நினைத்து அதை எல்லா அளவிலும் வைத்திருக்க வேண்டும்.

வேறு கடையில் வாங்கிய, காகிதமில்லாத சைக்கிளுக்குப் பில் எழுதித் தரும்படி பலர் கேட்கிறார்கள், கடைக்காரர் மறுக்கிறார். அவர் மறுப்பது சரி. தெரியாத பொருளுக்கு எழுதிய பில் ஒன்று பிடிபட்டால், இவ்வளவு காலம் அவர் எழுதிய எல்லாப் பில்லின் மீதும் பொலிஸாருக்கு நம்பிக்கை போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கு அவர் காட்டும் வழி வேறு: விற்றவரைத் தேடிப் பிடித்து, இருவரும் கிராம சேவகர் முன்னிலையில், பிரேம் இலக்கத்தைக் குறிப்பிட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார். இலக்கத்தைக் காகிதத்தில் தேய்த்தெடுத்துக் கொடுக்கும் வேலையை மட்டும் அவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்.

கடை காலை ஒன்பது மணியளவில் திறக்கிறது; போயா தினத்தில் விடுமுறை. திருத்த வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில் முற்பகலில் போவது நல்லது. பழைய சைக்கிள் ஏற்கெனவே வைத்திருப்பவர்களும், வாங்கும் எண்ணமில்லாவிட்டாலும், ஒருமுறை கொண்டுபோய் அந்த இலக்கத்தை எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். சைக்கிள் களவு போனால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுத முதலில் கேட்கப்படுவது அதுவே.